வாயனசாலைப் பலகையில் ‘இன்று இசையில்’ எழுதும் முறை

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்து வாயனசாலை (படிப்பகம்) வாசலில் தினம் ஒரு பாட்டுச் செய்தி எழுத, முதலில் 400 பக்க நோட்டு ஒன்று வேண்டும். நாளுக்கு ஒரு பக்கம். பிப்ரவரி 29-ஐயும் சேர்த்து 366. மிச்சப் பக்கங்களில் பெயர் அகராதி போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் எந்தெந்தத் தேதியில் வருகிறார் என்று சட்டென்று தெரியும்.

நம்ம மண்ணிலிருந்து தொடங்குங்கள். எலப்புள்ளியில் 1928 ஜூன் 24 எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்தார். சித்தூரில் 1973 ஏப்ரல் 29 ஸ்வர்ணலதா. இந்த நாட்களில் வெளிநாட்டு இசைக்குழுவுக்கு இடம் கிடையாது. ஜூன் 24 கண்ணதாசனுக்கும் (1927) பிறந்தநாள் என்பதால் அன்றைக்குப் பலகை போதாது.

ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் அது என்ன தேதி என்று குறியுங்கள்: பிறப்பு, மறைவு, பதிவு, வெளியீடு, விருது. பாதிக் குழப்பம் இங்கேதான். பாட்டு பதிவான நாள், கேசட் கடைக்கு வந்த நாள், தணிக்கை நாள், படம் வந்த நாள் எல்லாம் வேறுவேறு. 1992 ஆகஸ்ட் 15 என்பது ‘ரோஜா’ படம் வெளியான தேதி. ‘அன்று பாட்டு வந்தது’ என்று எழுதினால் தப்பு.

மறைவுத் தேதியைப் பேப்பரின் தலைப்பிலிருந்து எடுக்காதீர்கள். எம்.எஸ்.வி. காலமானது 2015 ஜூலை 14; மறுநாள் பேப்பரை எடுத்தால் 15 என்று இருக்கும். வெளிநாட்டு நிகழ்ச்சியில் இதே வம்பு வேறு மாதிரி வரும். ரஹ்மான் இரண்டு ஆஸ்கர் வாங்கியது லாஸ் ஏஞ்சல்ஸில் 2009 பிப்ரவரி 22 இரவு, நமக்கு 23 காலை. விழா நடந்த ஊர்த் தேதியைப் போட்டு, அடியில் நம் தேதியைச் சின்னதாக எழுதுங்கள். இளையராஜா பிறந்தது ஜூன் 3. அது கருணாநிதி பிறந்தநாள் என்பதால் கொண்டாடுவது ஜூன் 2. 2-ஆம் தேதி எழுதினால் ‘கொண்டாடும் நாள்’ என்றே எழுதவும்.

பழைய மலையாள நோட்டீசில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு) இருந்தால், ஆங்கில ஆண்டுக்கு மாற்ற, சிங்ஙம் (ஆவணி) முதல் டிசம்பர் வரை 824-ஐயும், ஜனவரி முதல் கர்க்கடகம் (ஆடி) வரை 825-ஐயும் கூட்டுங்கள். தனு (மார்கழி) மாதம் டிசம்பர், ஜனவரி இரண்டிலும் விழும். அங்கே நாளையும் பார்த்துத்தான் கூட்ட வேண்டும்.

ஒரே இடத்தில் மட்டும் பார்த்த தேதி பென்சிலில் இருக்கட்டும். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய இரண்டு இணையப் பக்கங்களை இரண்டு சாட்சியாக எண்ணக் கூடாது. பிழையும் அப்படியே இருக்கும்.

பலகைக்கு 25 சொல் தாராளம். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலையாளம். முந்தின இரவே எழுதிவிட்டால் காலைப் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் படிப்பார்கள். சாயங்காலம் ஒரே ஒரு பாட்டு போடுங்கள். 1965-க்கு முந்தைய எம்.எஸ்.வி. பாட்டென்றால் பெரும்பாலும் அவரோடு சேர்ந்து இசையமைத்த ராமமூர்த்தியின் பெயரும் உண்டு. கேசட் அட்டையைப் பார்த்து இருவரையும் எழுதவும். இல்லாவிட்டால் யாராவது பெரியவர் சாக்பீஸ் கேட்டு வருவார். ஒன்றும் சிக்காத நாளில் தேதியை மட்டும் எழுதி, பிடித்த பாட்டைப் போடலாம்.