ஸ்னேக் பிளான்ட்டைப் பிரித்து நடும் முறை

ஸ்னேக் பிளான்ட் இருக்கும் தொட்டி ஒரு பக்கம் புடைத்திருந்தால், உள்ளே கிழங்கு இடமில்லாமல் சுவரை முட்டுகிறது என்று பொருள். பிரித்து நட அதுவே சரியான நிலை.

இலையைத் துண்டுபோட்டு நட்டாலும் இந்தச் செடி வரும். ஆனால் மஞ்சள் கரை வைத்த ‘லாரென்டியை’ வகையை அப்படி நட்டால் கன்று வெறும் பச்சையாகவே வரும். கரையிலுள்ள மஞ்சள் திசுவும் நடுவிலுள்ள பச்சைத் திசுவும் மரபளவில் வேறு. இலைத்துண்டில் புது முளை பச்சைத் திசுவிலிருந்து கிளம்புகிறது. கிழங்கோடு பிரித்தால்தான் கரை தங்கும். தவிர, இலைத்துண்டில் கன்று தலைகாட்டவே பல மாதம் ஆகும்.

தமிழ்நாட்டில் மாசி, பங்குனி நல்ல காலம். ஆடி, ஆவணியும் பரவாயில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கைவைக்க வேண்டாம். மண் காயாது, வெட்டுக்காயம் அழுகும்.

பிரிப்பதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். காய்ந்த மண் தானாக உதிரும், வேர் அறுபடாது. பிளாஸ்டிக் தொட்டியைச் சுற்றிலும் அமுக்கிவிட்டுச் சாய்த்து, செடியின் அடியைப் பிடித்து வெளியே எடுங்கள். மண்தொட்டி என்றால் உள்சுவரை ஒட்டி ஒரு நீளக் கத்தியை விட்டுச் சுற்றுங்கள். இலையைப் பிடித்து இழுத்தால் இலை மட்டும் கையோடு வந்துவிடும்.

மண்ணை உதறினால், விரல் பருமனில் இளஞ்சிவப்பும் வெளிர்மஞ்சளும் கலந்த கிழங்கு படுத்தவாக்கில் தெரியும். கத்தியை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டு, இரண்டு கொத்துகளுக்கு நடுவே கிழங்கை ஒரே வெட்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு மூன்று இலைகளும், ஐந்து செ.மீ. கிழங்கும், கொஞ்சமாவது வேரும் இருக்க வேண்டும். பேராசைப்பட்டு ஒரு தொட்டியைப் பத்தாக்க வேண்டாம்; சின்னத் துண்டுகள் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். நான்கு நல்ல செடிகள் போதும். பழுப்பேறிக் குழைந்த கிழங்கு இருந்தால், வெள்ளைச் சதை தெரியும்வரை சீவி எறியுங்கள்.

வெட்டிய உடனே நடுவதுதான் பலரும் செய்யும் தவறு. பிரிவுகளை நிழலில் காகிதத்தின்மேல் இரண்டு நாள் கிடத்துங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகு மண்ணில் வைத்தால் பூஞ்சை எளிதில் ஏறாது.

மண்கலவைக்கு: செம்மண், ஆற்றுமணல் தலா இரண்டு பங்கு, ஊறவைத்துப் பிழிந்த கோகோபீட் (தென்னைநார்த் தூள்) ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. மணல் கிடைக்காவிட்டால் பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைப் பாறைத் துகள்) அல்லது சலித்த செங்கல் பொடிக்கல். தொட்டி வேர்க்கொத்தைவிட இரண்டு மூன்று செ.மீ. மட்டும் அகலமாக இருக்கட்டும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரத்தைப் பிடித்துவைத்து, கிழங்கைக் கெடுத்துவிடும். கிழங்குக்கு மேல் இரண்டு செ.மீ. மண் போதும், இலைகளின் அடி புதைய வேண்டாம். செடி ஆடினால் குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். ஆடாமல் நிற்கட்டும் என்று ஆழமாக நட்டால் அழுகல்தான்.

நட்டு ஐந்து நாள் கழித்து முதல் தண்ணீர், அடித்துளை வழியாக வடியும்வரை. அதற்குப்பின் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, முழுக்கக் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். இலைகளின் நடுக்குழியில் தண்ணீர் தேங்கக் கூடாது. வெளிச்சமான நிழலில் வையுங்கள். மண்ணில் இட்ட உரமே இரண்டு மாதத்துக்குப் போதும்.

இலை லேசாகச் சுருங்கினால் பயப்பட வேண்டாம், வேர் பிடிக்கும்வரை அப்படித்தான் இருக்கும். அடிப்பாகம் மஞ்சளாகிக் குழைந்து நாற்றமடித்தால் அது அழுகல். அன்றே பிடுங்கி, கெட்டதை வெட்டி, மறுபடி உலர்த்தி, புது மண்ணில் நடுங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் பக்கத்தில் ஈட்டிபோல் முளை எழும்பும். சில சமயம் கூடுதலாகவும் ஆகும். ஆடுகிறதா என்று அடிக்கடி அசைத்துப் பார்த்தால் புது வேர் அறுந்து, கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

கழித்த இலைகளையும் கிழங்குத் துண்டுகளையும் நாய், பூனை எட்டும் இடத்தில் போடாதீர்கள். இதிலுள்ள சப்போனின் என்ற நச்சுப்பொருள் அவற்றுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும்.