பூவுக்கு வெளியேயும் தேன் உண்டு: வரப்பில் தட்டைப்பயறு போடுங்கள்

பருத்தி இலை ஒன்றைப் புரட்டி, அடிப்பக்கத்து நடுநரம்பைப் பாருங்கள். காம்புக்குச் சற்று மேலே கடுகைவிடச் சின்னதாக ஒரு குழி இருக்கும், தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். அதுதான் பூவுக்கு வெளியே உள்ள தேன் சுரப்பி. ஆமணக்கில் இது இலைக்காம்பில் குட்டி முடிச்சாக இருக்கும், பூவரசு இலையின் அடியிலும் உண்டு.

இது மகரந்தச் சேர்க்கைக்கான தேன் இல்லை, செடி தன் காவலுக்குக் கொடுக்கும் கூலி. புழு இலையைக் கடித்தால் பருத்தி இன்னும் அதிகமாகவே சுரக்கும். எறும்பு, பொறிவண்டு, புழுவுக்குள் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவி எல்லாம் இதைக் குடிக்க வரும், அதுவும் பயிர் பூ எடுப்பதற்கு முன்பே வரும் என்பதுதான் நமக்குப் பெரிய லாபம்.

சரி, சுரப்பி அதிகம் இல்லாத கத்தரி, தக்காளி வயலுக்கு என்ன செய்வது? வரப்போரம் தட்டைப்பயறு விதையுங்கள். அதன் பூங்காம்பில் பூக்களுக்கு நடுவே தேன் சுரக்கும், பூ உதிர்ந்த காம்பிலும் எறும்பும் குளவியும் சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்க்கலாம். பயிரோடு ஒரு வரிசை, இரண்டு வாரம் கழித்து இன்னொரு வரிசை என்று விதைத்தால் தேன் கூடுதல் நாள் கிடைக்கும். தட்டைப்பயறில் சாறு உறிஞ்சும் கறுப்பு அசுவினிப் பூச்சி ஏறும், பதறி மருந்து அடிக்காதீர்கள், பொறிவண்டு அதைத் தின்றுதான் அங்கே பெருகும்.

எறும்பை மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அது சுரப்பியில் நின்று குடித்தால் நல்லது, விட்டுவிடுங்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்தைச் சுற்றி நின்றால் அது பூச்சிக்குக் காவல் நிற்கிறது, பொறிவண்டைக்கூட விரட்டிவிடும், அந்தக் கிளையை வெட்டி அப்புறப்படுத்துங்கள்.

அப்புறம் மருந்து. இமிடாகுளோபிரிட் மாதிரி செடிக்குள் ஊடுருவிப் பாயும் மருந்துகள் இந்தத் தேனிலும் கலக்கும், குடிக்க வந்த குளவி சாகும். ஆகவே தட்டைப்பயறு விதைக்கு அந்த மருந்தைப் பூசி விதைநேர்த்தி செய்யாதீர்கள், பயிருக்கு அடித்தே தீர வேண்டும் என்றாலும் வரப்பு வரிசையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.