சார்ஜ் இருந்தும் மின்சார கார் கிளம்பவில்லையா?

முந்தின இரவு சார்ஜ் 80 சதவீதம் காட்டிய கார், காலையில் கதவே திறக்காமல் நிற்கும். பெரிய பேட்டரி போச்சே என்று பதறாதீர்கள். பல நேரங்களில் படுத்திருப்பது 12 வோல்ட் சின்ன பேட்டரிதான். கதவுப் பூட்டு, திரை, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) எல்லாமே அதை நம்பித்தான் இருக்கின்றன. சென்னை வெயிலில் அதன் ஆயுள் சீக்கிரம் குறையும். சர்வீஸுக்கு விடும்போது அதையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். பெரும்பாலான ரிமோட் சாவிகளுக்குள் சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். அதை உருவி, டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். சில வண்டிகளில் சாவித்துளை கைப்பிடியில் ஒரு மூடிக்குப் பின்னால் இருக்கும். மொபைல் ஆப்பை மட்டும் நம்ப வேண்டாம், அடித்தள பார்க்கிங்கில் சிக்னல் கிடைக்காமல் போகலாம்.

ஜிஎஸ்டி சாலையில் வண்டி நின்றுவிட்டால், உதவிக்கு வருபவர்கள் நல்ல மனதோடு கயிறு கட்டி இழுக்கலாம் என்பார்கள். தயவுசெய்து மறுத்துவிடுங்கள். சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சேர்ந்து சுழன்று மின்சாரம் உண்டாக்கும். உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் பாழாகலாம். நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் லாரியையே கேட்டு வாங்குங்கள்.