டெனாரியஸ் காசின் வெள்ளி மாற்றைக் காயமின்றி அறியும் முறை

நொய்யற்கரை வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டு டெனாரியஸ் எனப்படும் உரோமானிய வெள்ளிக்காசுகள் 500க்கும் மேல் ஒரே புதையலாகக் கிடைத்தன. அதன்பின் கொங்கு நாட்டில் வெளிப்பட்ட டெனாரியஸ் காசுகளிலும் பெரும்பகுதி அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய இரு பேரரசர்களுடையவையே. இவை ஏறத்தாழ முழு வெள்ளி. பின்வந்த பேரரசர் நீரோ கி.பி. 64இல் காசின் எடையையும் மாற்றையும், அதாவது வெள்ளித் தூய்மையையும், ஒருசேரக் குறைத்தார். ஆகவே சோதனைக்கு முன் தலையுருவையும் எழுத்துகளையும் படித்து, காசு யாருடையது என்று தெளிவது முதல் வேலை.

இங்கே கூறுவது முறையாகக் கைக்கு வந்த காசுகளுக்கு மட்டுமே பொருந்தும். தோட்டத்தில் உழும்போதோ கிணறு வெட்டும்போதோ கிடைத்த காசை யாரும் சோதிக்க வேண்டியதில்லை. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிப்பதே கடமை.

நம் பக்கத்துப் பட்டறைகளில் வெள்ளியை உரைகல்லில் தேய்த்து அமிலம் விடுவது வழக்கம். புது நகைக்கு அது சரி; பழங்காசில் அந்தக் கீறல் என்றைக்கும் மறையாது. கல்லில் போட்டு ஒலி கேட்பதும் கூடாது, ஏனெனில் நெடுங்காலம் மண்ணில் கிடந்த வெள்ளி நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். திருநீறோ புளியோ போட்டுத் துலக்குவதையும் தவிர்க்க வேண்டும்.

நகை மாற்றுப் பார்க்கும் நிலையங்களின் எக்ஸ்-கதிர்க் கருவி காசைக் கெடுக்காது என்றாலும், அது காண்பது மெல்லிய மேற்பரப்பை மட்டுமே. கலப்புச் செம்பு மேற்பரப்பிலிருந்து அச்சிடும் முன்பே ஓரளவு நீக்கப்பட்டிருக்கும். மண்ணும் எஞ்சியதை அரித்திருக்கும். அதனால் வெளித்தோல் உள்ளுடலைவிட உயர்ந்த மாற்றைக் காட்டும். நீரோவின் சீர்திருத்தக் காசுகளில் வெள்ளி 93 விழுக்காடு என்றே நெடுநாள் கருதப்பட்டது. துளையிட்டு உள்ளுலோகத்தை ஆராய்ந்தபோது அது 80 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது.

எனவே வீட்டில் செய்யத்தக்கது அடர்த்திச் சோதனை. ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசு இதற்குக் கட்டாயம் தேவை. முதலில் உலர்ந்த காசை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் காய்ச்சி வடித்த நீருள்ள சிறு குவளையை வைத்து, காற்றுக்குமிழி ஒட்டாதிருக்க ஒரு துளி சோப்புக்கரைசல் விட்டு, தராசைச் சுழியாக்குங்கள். மெல்லிய நைலான் இழையில் கட்டிய காசை, அடியையும் பக்கத்தையும் தொடாதபடி நீரில் முழுவதும் அமிழ்த்திப் பிடித்தால், தராசு காட்டும் எண்ணே காசு விலக்கிய நீரின் எடை. முதல் எடையை இதனால் வகுத்து, நம் ஊர் வெப்பத்துக்கு 0.996ஆல் பெருக்கினால் அடர்த்தி கிடைக்கும்.

கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில், தூய வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பின் அடர்த்தி 8.96. வெள்ளி 90 விழுக்காடானால் ஏறத்தாழ 10.31, 80 ஆனால் 10.14, பாதிக்குப் பாதியானால் 9.67 என வரும். காட்டாக, 3.720 கிராம் காசு 0.356 கிராம் நீரை விலக்கினால் அடர்த்தி 10.41; அதாவது வெள்ளி 95 விழுக்காட்டை ஒட்டியிருக்கும். அதே அளவில் 10 மில்லிகிராம் பிழைத்து 0.366 என்று பதிந்தாலோ மாற்று 79க்கு இறங்கிவிடும்; அகஸ்டஸின் நல்ல காசு நீரோவின் குறைந்த காசாகத் தோன்றும். இரண்டு தசமம் மட்டும் காட்டும் சாதாரணத் தராசை நம்பிப் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு முறையும் காசை எடுத்து, துடைத்து, உலர்த்தி, மூன்று முறையாவது அளந்து சராசரி காணுங்கள்.

அடர்த்தி 9.3க்கும் கீழே இறங்கினால், செம்பு நடுவின்மேல் வெள்ளித்தகடு போர்த்திய பழங்காலக் கள்ளக்காசாக இருக்கலாம். விளிம்பில் தகடு பிரிந்து சிவப்போ பச்சையோ தெரிகிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஆனால் தடித்த கருமேலோடும் நுண்விரிசல்களும் நல்ல காசின் அடர்த்தியையும் குறைத்துக் காட்டும். மறுபுறம், 10.4 வந்துவிட்டது என்பதற்காகக் காசு பழையது என்று கொள்ளவும் கூடாது. இக்காலப் போலிகளும் நல்ல வெள்ளியிலேயே வார்க்கப்படுகின்றன. வார்ப்புக்குழிகளையும் விளிம்பின் அரத்தடத்தையும் காண்பதற்குத் தராசு உதவாது, கண்ணே வேண்டும்.