கோப்பின் பெயரைப் படித்துவிட்டு இறக்குங்கள்: லினக்ஸ், பிஎஸ்டி தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்று முடிவெடுப்பவர்கள், எந்த வழங்கல் (டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸின் ஒரு தொகுப்பு) நல்லது என்று இரண்டு வாரம் தேடுவார்கள். ஆனால் இறக்கப்போகும் கோப்பின் பெயரைப் படிக்க இரண்டு நொடி செலவழிக்க மாட்டார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் தடவை ஐஎஸ்ஓ கோப்பை (இயங்குதளத்தை நிறுவுவதற்கான வட்டுப் பிரதி) இறக்கி, பாட்டு ஏற்றுகிற மாதிரி பென் டிரைவில் காப்பி செய்துவிட்டு, கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லையே என்று ராத்திரி முழுக்க விழித்துக்கொண்டிருந்தேன். வழங்கல் மேல் ஒரு குற்றமும் இல்லை.

தேர்வைப் பற்றி முதலில் கொஞ்சம். டிஸ்ட்ரோவாட்ச் தளத்தின் பட்டியலைப் பார்த்து முதலிடத்தில் இருப்பதை இறக்குகிறவர்கள் நிறைய. அந்த வரிசை, அந்தத் தளத்தில் எந்த வழங்கலின் பக்கத்தை அதிகம் பேர் திறந்து பார்த்தார்கள் என்ற கணக்கு மட்டுமே. எத்தனை கணினிகளில் அது ஓடுகிறது என்பதோ, எவ்வளவு உறுதியானது என்பதோ அதில் தெரியாது. இன்னொரு கூட்டம் நேராகக் காலி லினக்ஸுக்குப் போகும். அது ஊடுருவல் சோதனை செய்பவர்களுக்கான கருவிப்பெட்டி. லினக்ஸுக்குப் புதியவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று அதன் ஆவணங்களே சொல்கின்றன.

திரைப்படங்களைப் பார்த்து மயங்குவதும் உண்டு. சினிமாவைச் சொல்லவில்லை, ஸ்கிரீன்ஷாட்டைச் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரியும் அழகு பெரும்பாலும் வழங்கலுடையது அல்ல, அதன் மேல் ஓடும் பணிச்சூழலுடையது, அதாவது சாளரம், பட்டி எல்லாம் காட்டும் அடுக்குடையது. க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ என்ற பணிச்சூழல்கள் எல்லாமே டெபியன், ஃபெடோரா என்ற லினக்ஸ் வழங்கல்களிலும் கிடைக்கும், லினக்ஸ் அல்லாத, யூனிக்ஸ் வழிவந்த பிஎஸ்டி குடும்பத்து ஃப்ரீபிஎஸ்டியிலும் கிடைக்கும். பணிச்சூழலை மட்டும் மாற்றியிருந்தால் போதும் என்ற இடத்தில், மொத்த இயங்குதளத்தையும் அழித்துவிட்டு வேறொன்று போட்டவர்களை எண்ணி மாளாது. பழைய கணினிக்கு லேசான பணிச்சூழல் உதவும்தான். அதற்காக அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம். நினைவகத்தைத் தின்பது முக்கால்வாசி நேரம் உலாவிதான்.

உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது: பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை காலம் வரும்? இங்கே பெரிய எண் நல்ல எண் என்று நினைப்பது பெரிய தவறு. உபுண்டு என்ற வழங்கலின் பதிப்பு எண்ணில் முதல் பகுதி ஆண்டு, இரண்டாவது மாதம். இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வருவது எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அதற்கு ஐந்து ஆண்டு ஆதரவு. நடுவில் வருபவற்றுக்கு ஒன்பது மாதம்தான். அதனால்தான் 24.10-இன் ஆயுள் 2025 ஜூலையிலேயே முடிந்துபோனது. அதைவிடச் சின்ன எண் கொண்ட 24.04-க்கு 2029 வரை ஆதரவு இருக்கிறது. ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறக்குறைய 13 மாதம். வருடத்துக்கு ஒரு முறையாவது மேம்படுத்தப் பொறுமை இருந்தால் ஃபெடோரா அருமை. போட்டுவிட்டு மறந்துவிடுகிற ஆளாக இருந்தால் டெபியனோ, உபுண்டு எல்டிஎஸ்ஸை அடித்தளமாகக் கொண்ட மின்ட்டோ பார்க்கலாம். அறிவித்த காலமும் கல்வெட்டு அல்ல. சென்ட்ஓஎஸ் 8 என்ற வழங்கலுக்கு 2029 வரை ஆதரவு என்றிருந்தார்கள். 2020 டிசம்பரில் அதை மாற்றி, 2021 முடிவோடு நிறுத்தினார்கள்.

சரி, இனி கோப்பின் பெயருக்கு வருவோம். ஃப்ரீபிஎஸ்டியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதன் பெயர்கள் பாடப்புத்தகம் மாதிரி ஒழுங்காக இருக்கும். 'ஃப்ரீபிஎஸ்டி-14.3-ரிலீஸ்-ஏஎம்டி64-மெம்ஸ்டிக்.ஐஎம்ஜி' என்று ஒரு கோப்பு. இதில் தவறு செய்ய மூன்று இடம் இருக்கிறது.

முதலாவது 'ரிலீஸ்'. பதிவிறக்கப் பக்கத்தில் பக்கத்திலேயே 'ஸ்டேபிள்', 'கரன்ட்' என்றும் இருக்கும். ஸ்டேபிள் என்றால் நிலையானது, கரன்ட் என்றால் இப்போதையது என்று சாதாரண அர்த்தத்தில் எடுத்துக்கொண்டால் கதை கந்தல். ஃப்ரீபிஎஸ்டியில் ஸ்டேபிள் என்பது அடுத்த வெளியீடு உருவாகிக்கொண்டிருக்கும் கிளை. கரன்ட் அதைவிடப் பச்சையானது, உருவாக்குபவர்களுக்கானது. நமக்கு வேண்டியது ரிலீஸ். டெபியனிலோ கதை நேர் எதிர்: அங்கே 'ஸ்டேபிள்'தான் வெளியிடப்பட்ட பதிப்பு. ஒரே சொல், இரண்டு வீட்டில் இரண்டு பொருள். யாரைக் குறை சொல்வது என்று தெரியவில்லை.

இரண்டாவது 'ஏஎம்டி64'. என்னிடம் இருப்பது இன்டெல் ஆயிற்றே என்று இதைத் தாண்டிப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பழைய 32 பிட் கட்டமைப்பை 64 பிட்டுக்கு நீட்டியது ஏஎம்டி நிறுவனம் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னால் இன்டெலும் அதையே ஏற்றது. சில வழங்கல்கள் இதையே 'எக்ஸ்86-64' என்று எழுதும், இரண்டும் ஒன்றுதான். பழைய பட்டியல்களில் 'ஐஏ64' என்று பார்த்தால் இன்டெல் என்று நினைத்து இறக்கிவிடாதீர்கள், அது ஐட்டேனியம் என்ற முற்றிலும் வேறான சில்லுக்கானது. 'ஏஆர்எம்64', 'ஏஏஆர்ச்64' என்பவை ராஸ்பெர்ரி பை போன்றவற்றுக்கு. 'ஐ386' என்பது 32 பிட். ஆர்ச் லினக்ஸ் 2017-இலேயே அதைக் கைவிட்டது; 2025-இல் வந்த டெபியன் 13-இலும் அதற்கு நிறுவியே (இன்ஸ்டாலர்) கிடையாது. மிகப் பழைய கணினி வைத்திருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது 'மெம்ஸ்டிக்.ஐஎம்ஜி'. இது பென் டிரைவுக்கு. 'டிஸ்க்1.ஐஎஸ்ஓ' என்றிருப்பது குறுவட்டுக்கு. பெரும்பாலான லினக்ஸ் ஐஎஸ்ஓக்கள் இரண்டுக்கும் ஒத்துவரும்படி செய்யப்பட்டவை. அந்தப் பழக்கத்தில் பிஎஸ்டிகளுக்கு வரும்போதுதான் ஏமாறுவோம். ஓபன்பிஎஸ்டியிலும் ஐஎஸ்ஓ, ஐஎம்ஜி என்று தனித்தனியாகத்தான் இருக்கும். 'பூட்ஒன்லி', டெபியனின் 'நெட்இன்ஸ்ட்' போன்ற சின்னக் கோப்புகள் மீதியை இணையத்திலிருந்து இழுப்பவை. நிறுவும் நிரல் உங்கள் வைஃபையை அடையாளம் காணாவிட்டால் நடுவழியில் நிற்பீர்கள். டெபியன் இந்தத் தலைவலியை 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பில் குறைத்தது. கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரையும் (வைஃபை போன்ற வன்பொருளை இயக்கத் தேவையான, மூலநிரல் திறக்கப்படாத மென்பொருள்) அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்த்துக்கொண்டது. இன்னமும் 'ஃபர்ம்வேருடன் கூடிய தனிக்கோப்பை இறக்கு' என்று சொல்லும் பழைய குறிப்புகளை நம்ப வேண்டாம்.

இறக்கியதும் சரிபார்ப்பது. இதை யாரும் செய்வதில்லை, நானும் வெகுநாள் செய்ததில்லை. தளத்தில் எஸ்எச்ஏ256 என்று 64 எழுத்துகள் கொண்ட ஒரு சரம் இருக்கும். உங்கள் கோப்புக்கும் அதையே கணக்கிட்டுப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் அதற்கு 'சர்ட்யூட்டில்' கட்டளை ஏற்கெனவே இருக்கிறது. பாதியில் அறுந்த பதிவிறக்கத்தை இது காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்தச் சரமும் அதே தளத்தில்தானே இருக்கிறது? 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள்ளேயே ஆட்கள் புகுந்து, 17.3 சின்னமன் பதிப்பின் இணைப்பைப் பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். தளத்தைக் கைப்பற்றியவனுக்குச் சரத்தை மாற்றுவது எம்மாத்திரம்? அதனால்தான் ஜிபிஜி கையெழுத்தும், அதாவது கோப்பு உண்மையிலேயே அவர்களிடமிருந்துதான் வந்ததா என்று காட்டும் மின்கையெழுத்தும் தருகிறார்கள். அதையும் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். கண்டுபிடித்த அன்றே மின்ட் குழு அதைப் பகிரங்கமாகச் சொன்னது பாராட்டுக்குரியது.

அப்புறம் பென் டிரைவில் எழுதுவது. என்னைப் போலக் காப்பி செய்யாமல், ரூஃபஸ், எட்சர் போன்ற கருவியால் எழுத வேண்டும். அதில் ஏற்கெனவே இருந்தவை அத்தனையும் போய்விடும். 'டிடி' கட்டளையில் எழுதுகிறவர்கள், எந்த வட்டு என்பதை இரண்டு முறை பாருங்கள். அது எதையும் திருப்பிக் கேட்காது. பென் டிரைவுக்குப் பதிலாக வன்தட்டின் பெயரைக் கொடுத்தால் அதையும் பணிவாக அழித்துத் தரும்.

நிறுவும் முன் லைவ் முறையில் (நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே) ஒரு அரைமணி நேரம் ஓட்டி வைஃபை, ஒலி, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பதை எல்லாம் பாருங்கள். ஃப்ரீபிஎஸ்டி 14-இன் மெம்ஸ்டிக் கோப்பில் வரைகலைப் பணிச்சூழல் வராது. நிறுவி முடிந்ததும் கறுப்புத் திரையில் லாகின் என்று நிற்கும். அது பழுது அல்ல. வரைகலைச் சூழலை நாம்தான் பின்னால் சேர்க்க வேண்டும்.

விண்டோஸையும் கூடவே வைத்திருக்கப்போகிறீர்கள் என்றால் ஒரே ஒரு வேலை பாக்கி. பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுக் குறியாக்கம்) இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் விடும் காவல்) அமைப்பை மாற்றினாலே அடுத்த முறை விண்டோஸ் மீட்புச் சாவி கேட்கக்கூடும். 48 இலக்கம். அதைத் தொடங்குவதற்கு முன்பே எடுத்து, ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். அதே கணினியின் டெஸ்க்டாப்பில் அல்ல.