சுவரிலா, சுவற்றிலா? சந்தேக எழுத்தைச் சோதிக்கும் வழி

‘இச்சுவற்றில் விளம்பரம் ஒட்டாதீர்’ என்று பெரிய எழுத்தில் எழுதிய மதில்கள் இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கமும் உண்டு, பதுளைப் பக்கமும் உண்டு. எச்சரிக்கை சரி; எழுத்துதான் பிழை. சுவர் என்பது ‘ர்’ என்று முடியும் சொல். ஊர் ஊரில் ஆகிறது, வேர் வேரில் ஆகிறது, சுவரும் சுவரில்தான். ‘ற்றில்’ வர வேண்டுமானால் சொல் ‘று’ என்று முடிய வேண்டும்: கயிறு கயிற்றில், கிணறு கிணற்றில், ஆறு ஆற்றில்.

இதைத் திருப்பிப் போட்டால் ஒரு சோதனை கிடைக்கும். பெயர்ச்சொல்லின் கடைசியில் ‘ரு’வா, ‘று’வா என்று தடுமாறினால் ‘இல்’ சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். சோற்றில், வயிற்றில் என்று அழுத்தம் வந்தால் ‘று’. பேருருவில் என்று நடுவில் ‘வி’ வந்தால் ‘ரு’. ‘மறு’ போல இரண்டு குறில் மட்டுமே உள்ள சொல்லுக்கு இது சரிவராது.

ண, ன, ந மூன்றுக்கும் விடை அவற்றின் பெயரிலேயே இருக்கிறது. டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று பாடசாலையில் ஒப்பிக்க வைக்கிறார்கள். எதற்காக அந்தப் பெயர் என்று பலரும் கேட்பதில்லை. ‘ட’வுக்கு முன்னால் ண், ‘ற’வுக்கு முன்னால் ன், ‘த’வுக்கு முன்னால் ந். கண்டி, பண்டாரவளை இரண்டிலும் ‘ண்ட’. பொகவந்தலாவையில் ‘ந்த’. குன்றில் ‘ன்ற’.

இதற்கு அடியில் இன்னொரு கணக்கு ஓடுகிறது. ட, ண, ள ஒரு குடும்பம்: மூன்றுக்கும் நாக்கு மேல்நோக்கி வளையும். ற, ன, ல மற்றக் குடும்பம்: நாக்கு நுனி மேல்பல்லின் அடியோடு நிற்கும். சொல் உருமாறும்போது எழுத்து பெரும்பாலும் தன் குடும்பத்துக்குள்ளேயே மாறும். கொள் என்பது கொண்டார் ஆகும், கேள் என்பது கேட்டார் ஆகும், ஆகவே ‘ள்’. கொல் என்பது கொன்றார், கல் என்பது கற்றார், ஆகவே ‘ல்’. ‘ழ்’ இந்த இரண்டிலும் சேராது, அப்படியே நிற்கும்: வாழ்ந்தார், மகிழ்ந்தார், தாழ்ந்தது. ‘ழ்’ இரட்டிப்பதும் இல்லை. கல்லை, முள்ளை என்று இரட்டித்த இடத்தில் ‘ழ’வை நினைக்கவே வேண்டாம்.

சோதனையைப் பேச்சுத்தமிழில் போட்டால் ஏமாந்து போவோம். ‘கொன்னுட்டான்’, ‘நின்னான்’ என்று பேசும்போது ‘ற’ தொலைந்துவிடுகிறது. கொன்றுவிட்டான், நின்றான் என்று எழுத்து வடிவிலேயே சொல்லிப் பார்க்க வேண்டும்.

மலைநாட்டில் எல்லோரும் எழுதும் ஒரு சொல்லை எடுப்போம்: தொழிலாளர். ழ, ல, ள மூன்றும் வரிசையாக வருகின்றன; விண்ணப்பப் படிவத்தில் ‘தொளிலாலர்’ வரை இது உருமாறும். பிரித்தால் தொழில் + ஆளர். தொழில் என்பது சங்கத்தோடு சேரும்போது தொழிற்சங்கம். ‘ற்’ வந்ததால் நடுவில் இருப்பது ‘ல்’. ஆள் என்பது ஆண்டார், ஆட்சி என்று மாறும். ஆகவே அடுத்தது ‘ள’. முதலாவது மட்டும் எங்கேயும் மாறவில்லை, அது ‘ழ’.

அதே தொழிற்சங்கத்தை ‘தொழிற்ச்சங்கம்’ என்று எழுதுவோரும் உண்டு. ட், ற் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு மெய் நிற்காது: முயற்சி, பயிற்சி, பரீட்சை, காட்சி. ய், ர், ழ் மூன்றுக்கும் பின்னால் நிற்கும்: வளர்ச்சி, தேர்ச்சி, மகிழ்ச்சி, வாழ்க்கை. ‘வளர்ச்சி’யைப் பார்த்துப் பழகிய கைதான் ‘முயற்ச்சி’ என்று எழுதிவிடுகிறது.

எண்ணெயும் குடும்பக் கணக்குத்தான். எள் + நெய்; ‘ள்’ போன இடத்தில் ‘ண்’ வந்தது. நல் + நீர் நன்னீர் ஆனது, ‘ல்’ போன இடத்தில் ‘ன்’. மூன்று + நூறில் ‘ல்’லும் இல்லை, ‘ள்’ளும் இல்லை, நூறின் ‘ந’வே நிலைத்து முந்நூறு ஆகும். ஐந்நூறும் அப்படியே. 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளமாக நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாவைப் பற்றுச்சீட்டில் எழுத்தால் எழுதினால், ‘ஆயிரத்து முந்நூற்று ஐம்பது’.

சில இணைகளுக்கு எந்தச் சோதனையும் உதவாது. பொருளோடு மனதில் பதிக்க வேண்டியதுதான். தோட்டத்தை நடத்துபவர் துரை. பெருந்தோட்டத்துறை என்பது தொழில் பிரிவு. ‘தோட்டத்துறை அவர்களுக்கு’ என்று மனு எழுதினால் அது ஆளுக்குப் போகாது, ஒரு முழுத் துறைக்கே போகும். கொழுந்து நிறை குறைந்தால் போடுவது அரைப் பேர் (அரை நாள் கூலி); லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) குடியிருப்பது அறை. ஆற்றங்கரைக்கு ‘ரை’, துணியில் படிந்த தேயிலைக் கறைக்கு ‘றை’. மேட்டிலிருந்து இறங்குவோம், துக்கத்துக்கு இரங்குவோம், ஆகவே இரங்கல் கூட்டம். கொழுந்தில் ‘ழு’, துளிரில் ‘ளி’, பறித்தலில் ‘றி’.

ஒற்று மிகுவது, அதாவது இரண்டு சொல்லுக்கு நடுவில் க், ச், த், ப் கூடுதலாக வருவது, தனி நூலுக்கு உரிய சங்கதி. அன்றாடத்துக்கு மூன்று இடங்களைக் கவனித்தால் பாதிக்கு மேல் திருந்தும். அந்த, இந்த, எந்த என்பவற்றின் பின்: இந்தத் தோட்டம், அந்தப் பிள்ளை. ‘ஐ’, ‘கு’ உருபுகளின் பின்: கொழுந்தைப் பறித்தார், மடுவத்துக்குக் (கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு) கொண்டுபோனார். ‘அம்’ என்று முடியும் சொல்லில் ‘ம்’ விழுந்த இடத்தில்: மலையகத் தமிழர். இதை ‘மலையக தமிழர்’ என்று பதாகையில் அச்சடிப்பது வழக்கமாகிவிட்டது. வழக்கம் என்பதால் சரியாகிவிடாது.

வினையெச்சத்தில் வாய் தடுமாறும். ‘த்து, ட்டு, ற்று’ என்று முடிந்தால் மிகும்: பறித்துக் கொடுத்தார், கேட்டுப் பார்த்தார், விற்றுத் தீர்த்தார். ‘ந்து, ண்டு, ன்று’ என்று முடிந்தால் மிகாது: வந்து போனார், கண்டு பேசினார், நின்று கேட்டார். ‘பறித்த கொழுந்து’ போன்ற பெயரெச்சத்திலும் மிகாது. ‘பறித்தக் கொழுந்து’ பிழை.

ஊர்ப் பெயர்களில் இந்தச் சோதனைகளைப் போடாதீர்கள். ஹட்டன், அட்டன் இரண்டும் புழக்கத்தில் உண்டு. ஹப்புத்தளை, அப்புத்தளையும் அப்படியே. கடிதம் எந்த அலுவலகத்துக்குப் போகிறதோ அதன் பெயர்ப்பலகையில் உள்ளபடி எழுதுங்கள். முதல் வரியில் ஹட்டன் என்று எழுதினால் கையொப்பத்துக்குக் கீழேயும் ஹட்டன்தான்.