பீரோவில் தூங்கும் பழைய கேமராவை எழுப்புவது எப்படி

உங்கள் வீட்டில் ஒன்று கிடக்கும், தேடிப் பாருங்கள். துணி அடுக்குக்குப் பின்னால், எல்.ஐ.சி. பத்திரம் வைத்த ஃபைலுக்குக் கீழே, ஜிப் போட்ட சின்னக் கறுப்புப் பையில். 2004-க்கும் 2010-க்கும் நடுவில் சித்தப்பாவோ மாமாவோ துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும்போது கொண்டுவந்த டிஜிட்டல் கேமரா. அதே கேமராவுக்கு இப்போது 'விண்டேஜ்' என்று பெயர் வைத்து ஆன்லைனில் கண்டபடி விலை சொல்கிறார்கள். காசு கொடுத்து வாங்குவதற்கு முன்னால் சொந்தக்காரர்கள் வீட்டு பீரோக்களை ஒரு சுற்று கேட்டுவிடுவது நல்லது, பாதிப் பேர் சும்மாவே கொடுத்துவிடுவார்கள்.

கையில் கிடைத்ததும் எல்லாருக்கும் அதை ஆன் செய்து ஒரு படம் எடுத்துப் பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். பொறுங்கள். முதல் வேலை, படங்கள் பதிவாகும் மெமரி கார்டு. பேட்டரி மூடியைத் திறந்தால் பக்கத்திலேயே இருக்கும், அதைக் கழற்றி கம்ப்யூட்டரில் போட்டு உள்ளே இருப்பதை அப்படியே காப்பி எடுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். நான் இதைச் செய்யவில்லை. ஆன் செய்ததும் 'ஃபார்மேட் செய்யவா' என்று திரையில் கேட்டது, நானும் ஏதோ தேதி கேட்கிறது என்று நினைத்து ஓகே அமுக்கிவிட்டேன். போனது அத்தை மகளின் வளைகாப்புப் படங்கள்.

நல்லவேளை, கேமராவில் ஃபார்மேட் செய்தால் பொதுவாக அழிவது எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை மட்டும்தான், படங்கள் மேலே வேறு எதையாவது எழுதும்வரை கார்டிலேயே கிடக்கும். அதனால் இப்படி ஆகிவிட்டால் அந்தக் கார்டில் ஒரு படம்கூட எடுக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட விடுங்கள். பார்க்கக் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக பயமுறுத்தும், ஆனால் வேலை செய்யும். எனக்குப் பெயரெல்லாம் மாறி, வரிசையெல்லாம் குலைந்து நூற்றுச் சொச்சம் படங்கள் திரும்பி வந்தன. ஒன்றில் பாட்டி வளையல் தட்டைப் பிடித்தபடி, ஃப்ளாஷுக்குக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நிற்கிறாள். படத்தின் கீழ்ப் பாதி சாம்பல் நிறமாகவே வந்தது, மேல் பாதி போதும்.

கார்டு என்ன வகை என்பதில்தான் பலர் மாட்டுவார்கள். எஸ்டி கார்டு என்றால் கவலை இல்லை. பழைய ஒலிம்பஸ், ஃபுஜி என்றால் எக்ஸ்டி என்ற குட்டிக் கார்டு இருக்கலாம். 2002-ல் அந்த இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து கொண்டுவந்தது அது, அதிகபட்சமே 2 ஜிபிதான், ரீடர் கிடைப்பதும் கொஞ்சம் கஷ்டம். அப்போது கேமராவையே மினி யுஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டருடன் இணைத்துவிடலாம், ஆனால் சில கேமராக்களுக்கு அவற்றுக்கென்றே தனி முனை வைத்த கேபிள் வேண்டியிருக்கும். புதிதாக எஸ்டி கார்டு வாங்குகிறவர்கள் 64 ஜிபி எல்லாம் வாங்காதீர்கள். 2 ஜிபிக்கு மேல் கொள்ளும் எஸ்டிஎச்சி வகையே 2006-ல்தான் வந்தது, அதற்கு முந்தைய கேமராக்களுக்குப் பொதுவாக 2 ஜிபிக்கு மேலே போனால் புரியாது, 'கார்டு எரர்' என்று முரண்டு பிடிக்கும். 5 மெகாபிக்சல் படம் ஒன்று ஏறத்தாழ 2 எம்பி, 2 ஜிபியில் ஆயிரம் படம் பிடிக்கும். கல்யாண வீட்டுக்கே தாங்கும்.

அப்புறம் பேட்டரி. பென்சில் செல் போடும் கேமராவா, உங்களுக்கு யோகம். ஆனால் ரிமோட்டிலிருந்து கழற்றிப் போட்டுவிட்டு 'கேமரா அவுட்டு' என்று முடிவு கட்டாதீர்கள். லென்ஸ் வெளியே வரும், திரை ஒரு தடவை மின்னும், செத்துவிடும். அந்த செல்லுக்கு அவ்வளவு வேகமாகக் கரண்ட் கொடுக்கத் தெம்பு இல்லை. ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் இரண்டு, 2000 எம்ஏஎச் அளவில் வாங்கிப் போடுங்கள். பழைய அல்கலைன் செல் உள்ளேயே கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் இயர்பட்ஸில் வினிகர் லேசாகத் தொட்டுத் துடைத்து, காயவிட்டு, செல் தொடும் தகடுகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் போதும். தட்டையான லித்தியம் பேட்டரி என்றால் அதன் மேல் என்பி-4எல், ஈஎன்-இஎல்10 என்கிற மாதிரி ஒரு நம்பர் இருக்கும், அதை எழுதிக்கொண்டு போய் சென்னை என்றால் ரிச்சி தெருவில் கேளுங்கள், இல்லாவிட்டால் ஆன்லைனில் தேடுங்கள். பழையது உப்பியிருந்தால் சார்ஜில் போட்டு சோதித்துப் பார்க்கும் வேலையே வேண்டாம், மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

ஆன் ஆனதும் தேதி கேட்கும். சோம்பல்படாமல் போடுங்கள். போடாவிட்டால் இன்று எடுத்த படம் போன் கேலரியில் 2005 ஜனவரி ஒன்றாம் தேதியில் போய் ஒளிந்துகொள்ளும், ஸ்க்ரோல் செய்தே விரல் தேயும். பேட்டரியைக் கழற்றும்போதெல்லாம் தேதி அழிகிறதா, பல கேமராக்களில் சார்ஜ் உள்ள பேட்டரியை ஒரு நாள் முழுக்க உள்ளேயே வைத்திருந்தால் கடிகாரத்துக்கான குட்டி பேட்டரி தானாக ஏறிவிடும்.

லென்ஸ் பாதியில் நின்று கிறீச் என்று சத்தம் போட்டால் பெரும்பாலும் மணல்தான், யாரோ மெரினாவுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். லென்ஸைச் சுற்றியுள்ள இடுக்கில் ரப்பர் பல்பு ஊதுகுழலால் காற்று அடித்து, லென்ஸைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்தபடி ஆன், ஆஃப் செய்து பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் விட்டுவிடுங்கள். யூடியூப் பார்த்து ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டாம். உள்ளே ஃப்ளாஷுக்கான கெப்பாசிட்டரில் 300 வோல்ட் வரை நிற்கும், பேட்டரியை எடுத்த பிறகும் நிற்கும், விளையாட்டு இல்லை.

சரி, படம் எடுக்கலாம். போனில் பழகிய பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும்: பட்டனைப் பாதி அமுக்கணும். அமுக்கி நிறுத்தினால் பச்சைக் கட்டம் வந்து பீப் என்று ஒரு சத்தம் வரும், அதற்கப்புறம்தான் முழுசாக அமுக்குவது. ஒரே அமுக்காக அமுக்கினால் கேமரா ஃபோகஸ் தேடி முடிப்பதற்குள் சிரித்தவர் வாயை மூடியிருப்பார். மெதுவாக இருக்கிறதே என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு: 1975-ல் கோடாக்கில் ஸ்டீவ் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா 3.6 கிலோ எடை, 0.01 மெகாபிக்சல், ஒரு படத்தை கேசட்டில் பதியவே 23 நொடி எடுத்துக்கொண்டது.

இந்தக் கேமராக்களின் படத்தில் வரும் 'பழைய லுக்'குக்குக் காரணம் வெளிச்சத்தைப் படமாக்கும் சிசிடி என்ற பழைய வகை சென்சார் என்று எல்லாரும் அடித்துச் சொல்கிறார்கள். எனக்குப் பாதிதான் சம்மதம். மீதிப் பாதி ஃப்ளாஷ். முகம் பளிச்சென்று, பின்னால் சுவர் இருட்டாக, சுவரில் கூர்மையான நிழல், அதுதான் நமக்கு 2006 என்று தோன்றுவது. ஆகவே ராத்திரியில் ஃப்ளாஷைப் போட்டே எடுங்கள், ஆனால் ஆள் மூன்று மீட்டருக்குள் நிற்கட்டும், அதற்கு மேல் வெளிச்சம் எட்டாது. பகலில் உச்சி வெயிலில் வெள்ளை வேட்டியெல்லாம் வெளுத்து ஒட்டுமொத்தமாகப் போய்விடும், எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மைனஸ் அரை அளவுக்கு இறக்கி வையுங்கள். இருட்டில் படம் வெளிச்சமாக வர ஏற்றும் ஐஎஸ்ஓ எண்ணை 400-க்கு மேல் ஏற்றினால் முகத்தில் ரவை கொட்டினாற்போல் ஆகும்.

பீரோவில் கிடைத்தது எடுத்ததுமே படத்தை வெளியே தள்ளும் போலராய்ட் என்றால் வேறு கதை. 600 வகை, எஸ்எக்ஸ்-70 வகைக் கேமராக்களுக்கு பேட்டரி ஃபிலிம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, அதனால் காலிக் கேமரா உயிரில்லாமல் கிடப்பது பழுது ஆகாது. ஃபிலிம் வாங்கும்போது ஐ-டைப் என்று இருப்பதை எடுத்துவிடாதீர்கள், கொஞ்சம் மலிவாக இருக்கும், ஆனால் அதில் பேட்டரி கிடையாது, பழைய கேமரா அசையாது. ஒரு பெட்டியில் எட்டே படம், விலையும் அதிகம். அந்த ஃபிலிமுக்கு ஏறத்தாழ 13 முதல் 28 டிகிரிதான் ஒத்துக்கொள்ளும், நம் ஊர் மே மாதத்தில் படம் மஞ்சளடித்து வரும். ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். வெளியே வந்த படத்தை உதறவும் வேண்டாம். அந்தக் காலத்தில் உரித்தெடுக்கும் படத்தின் ஈரம் காய உதறினார்கள், இப்போதைய படம் பிளாஸ்டிக்குக்குள் மூடியிருக்கிறது. கவிழ்த்து வைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் டீ குடிக்கப் போங்கள்.

கடைசியாக, பிரிண்ட் போடக் கொடுக்கும்போது கவனம். 4×6 பிரிண்டுக்கு 2 மெகாபிக்சலே போதும், ஆனால் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் இந்தக் கேமராக்களின் படத்தில் 4:3, பேப்பரில் 3:2. அகலத்துக்குப் பொருத்தினால் உயரத்தில் அரை அங்குலம் வெட்டுப்படும். வளைகாப்புக் குரூப் போட்டோவை அப்படிப் போட்டு வாங்கி வந்தேன், பின்வரிசையில் நின்ற பெரியப்பாவுக்கு நெற்றிக்கு மேலே எதுவும் இல்லை. 'நிஜத்திலும் அங்கே முடி கொஞ்சம்தான்' என்று அவரே சிரித்தார். வெட்டாமல், ஓரத்தில் வெள்ளை விட்டுப் போடச் சொல்லுங்கள்.